பால்வழியின் நடுப்பகுதியைப் படிக்கத் தொடங்குபவருக்கு

பால்வழி மண்டலத்தின் நடுப்பகுதியைப் பற்றி இணையத்தில் தேடுபவருக்கு முதலில் கிடைப்பது 2022 மே 12 அன்று வெளியான, ஆரஞ்சு நிற வளையம் போன்ற கருந்துளைப் படம்தான். அங்கே தொடங்குபவர்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கருந்துளையின் நிறை சுமார் 43 லட்சம் சூரிய நிறை. அதைச் சூழ்ந்து விண்மீன்கள் தடித்துக் குவிந்திருக்கும் புடைப்பின் நிறையோ ஆயிரம் கோடி சூரிய நிறைக்கும் மேல். அதாவது கருந்துளை, புடைப்பில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. ஆகவே வெளியிலிருந்து உள்ளே போகும் வழியை இங்கே தருகிறேன். கருந்துளை கடைசிக் கட்டங்களில்தான் வரும்.

தேவையானவை அதிகமில்லை: நகர வெளிச்சம் படாத ஓர் இடம், ஒரு பைனாகுலர், ஒரு சார்ட் தாள், அளவுகோல், பாகைமானி, இணைய இணைப்புள்ள கணினி. கணிதத்தில் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதலில் வானத்தில் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

பால்வழியின் மையம் தனுசு விண்மீன் குழுவின் திசையில், நம்மிடமிருந்து ஏறத்தாழ 26,700 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. வான நடுக்கோட்டிற்கு 29 பாகை தெற்கே இருப்பதால், லண்டனில் வாழ்பவருக்கு அது தொடுவானத்திலிருந்து பத்துப் பாகை உயரம்கூட ஏறாது. சென்னையில் 48 பாகையும், கன்னியாகுமரியில் ஏறத்தாழ 53 பாகையும் ஏறும். இந்த ஒரு விஷயத்தில் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் இரவு எட்டு மணி அளவில் தெற்கு நோக்கி நில்லுங்கள். மழைமேகம் தொல்லை தந்தால் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு இதே காட்சி கிடைக்கும். வலப்பக்கத்தில் சிவந்த கேட்டை விண்மீனும், அதிலிருந்து தூண்டில் முள் போல வளைந்து இறங்கும் விருச்சிகத்தின் வாலும் தெரியும். அதற்கு இடப்பக்கத்தில் எட்டு விண்மீன்கள் சேர்ந்து ஒரு தேநீர்க் கெண்டியின் வடிவத்தைத் தரும்: கைப்பிடி இடப்பக்கம், மூக்கு வலப்பக்கம். கையை நேராக நீட்டி நடு மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் அவற்றின் அகலம் சுமார் 5 பாகை. அந்த விரல்களின் இடது ஓரத்தைக் கெண்டி மூக்கின் நுனியில் வைத்தால், வலது ஓரத்திற்கு அருகே, நுனியின் மட்டத்திலிருந்து சற்று மேலே மையம் இருக்கிறது. அங்கே கண்ணுக்கு எதுவும் தெரியாது. தெரியாததற்கான காரணம்தான் அடுத்த பாடம்.

அதற்கு முன் இரண்டு எச்சரிக்கைகள். விருச்சிகத்தின் வால்நுனியில் உள்ள மூல நட்சத்திரத்தின் பெயருக்கு ‘வேர்’ என்ற பொருள் இருப்பதால், முன்னோர் மண்டல மையத்தை அறிந்தே அந்தப் பெயரைச் சூட்டினார்கள் என்று ஒரு செய்தி அடிக்கடி வலம் வரும். மூலம் மையத்திலிருந்து எட்டுப் பாகைக்கும் மேல் தள்ளி இருக்கிறது. அந்தக் கூற்றுக்குச் சான்று எதுவும் இல்லை. மையம் தனுசின் திசையில் இருப்பதை 1918இல் வானியலாளர் ஹார்லோ ஷாப்லி, பந்து போலத் திரண்ட கோளக விண்மீன் கொத்துகள் அந்தப் பக்கத்தில் குவிந்து கிடப்பதை வைத்துக் காட்டினார். இரண்டாவது எச்சரிக்கை நான் பட்டுத் தெரிந்துகொண்டது. கெண்டிக்கு வடக்கே பைனாகுலரில் மிக அழகாகத் தெரியும் எம்24 என்ற விண்மீன் மேகத்தையே பல மாதங்கள் மண்டலத்தின் மையப் புடைப்பு என்று நம்பிப் பிறருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன். அது மண்டலத்தின் தட்டையான வட்டுப் பகுதியைச் சேர்ந்தது; மையத்தின் தொலைவில் பாதிகூட வராது. உண்மையான புடைப்பின் ஒளி, கெண்டி மூக்கிற்குச் சற்று மேலே ஆவி போலப் பரவி நிற்கும் ‘பெரிய தனுசு விண்மீன் மேகம்’. அதைப் பார்க்கும்போது நீங்கள் புடைப்பைத்தான் பார்க்கிறீர்கள்.

தூசியைப் புரிந்துகொள்ளுங்கள்

நமக்கும் மையத்திற்கும் இடையில் வட்டின் தளத்திலேயே பார்வை செல்வதால், வழி நெடுகக் கிடக்கும் தூசி கட்புல ஒளியைச் சுமார் 30 பொலிவளவு (விண்மீனின் பொலிவை அளக்கும் அலகு) மங்கச் செய்கிறது. ஐந்து பொலிவளவு என்பது நூறு மடங்கு. அப்படியானால் 30 பொலிவளவு என்பது நூறை ஆறு முறை பெருக்கியது. மையத்திலிருந்து புறப்படும் லட்சம் கோடி ஒளித்துகள்களில் ஒன்றுதான் நம் கண்ணை வந்தடைகிறது என்று பொருள்.

ஆனால் தூசி சீராகப் பரவியிருக்கவில்லை. கெண்டி மூக்கின் நுனியில் இருக்கும் காமா விண்மீனுக்கு அரைப் பாகை தள்ளி என்ஜிசி 6522 என்ற கோளகக் கொத்து உள்ளது. அதைச் சுற்றிய சிறு பரப்பில் தூசி ஒப்பளவில் குறைவு. வால்ட்டர் பாடே 1940களில் மவுன்ட் வில்சன் ஆய்வகத்திலிருந்து அந்தப் பரப்பைப் படம் பிடித்து, ஆர்ஆர் லைரே வகை மாறொளிர் விண்மீன்களைத் தேடிக் கண்டெடுத்தார். அவ்வகை விண்மீன்களின் உண்மையான பொலிவு தெரியும் என்பதால், மங்கலாகத் தெரியும் அளவைக் கொண்டு தொலைவைக் கணிக்க முடிந்தது. இன்று அந்தப் பரப்பைப் பாடே சாளரம் என்கிறோம். அதன் வழியாகச் செல்லும் பார்வை மையத்தைத் தொடுவதில்லை; மையத்திற்கு ஏறத்தாழ 1,800 ஒளியாண்டு கீழே கடந்து செல்கிறது. ஆறங்குலத் தொலைநோக்கி வைத்திருப்பவர் என்ஜிசி 6522ஐயும் அதன் அருகிலேயே இருக்கும் என்ஜிசி 6528ஐயும் ஒரே பார்வையில் காணலாம். இரண்டும் சிறு புகைத் திட்டுகளாகத்தான் தெரியும். ஆனால் பால்வழியின் புடைப்புக்குள்ளேயே இருக்கும் இரு பொருள்களை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டீர்கள்.

அலைநீளத்தை மாற்றிப் பாருங்கள்

இந்தக் கட்டத்தைத் தவிர்க்கவே கூடாது. ஸ்டிராஸ்பர்க் வானியல் தரவு மையம் நடத்தும் ‘அலாதின் லைட்’ என்ற இலவச விண்வரைபடத்தைக் கணினியில் திறந்து, தேடல் பெட்டியில் மையக் கருந்துளையான தனுசு ஏ*இன் பெயரை ஆங்கில எழுத்தில் (Sgr A*) இடுங்கள். சுமார் இரண்டு பாகை அகலம் தெரியுமாறு வைத்துக்கொண்டு, முதலில் கட்புல ஒளியில் எடுத்த டிஎஸ்எஸ் (DSS) படத்தைப் பாருங்கள்: கரும்படலமும் முன்புறத்தில் இருக்கும் சில விண்மீன்களும் தெரியும். இடத்தை அசைக்காமல் படத்தொகுதியை மட்டும் டூமாஸ் (2MASS) என்ற அகச்சிவப்புத் தொகுதிக்கு மாற்றுங்கள். திரை விண்மீன்களால் நிரம்பிவிடும். இரண்டு மைக்ரான் அலைநீளத்தில் தூசியின் மறைப்பு மூன்று பொலிவளவிற்கு உள்ளேயே நிற்பதால், பத்தில் ஒன்றோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ ஒளி தப்பி வந்துவிடுகிறது. லட்சம் கோடியில் ஒன்று என்ற கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். எரிக் பெக்லினும் கெர்ரி நியூகெபாவரும் 1968இல் முதன்முதலாக மையத்தை அகச்சிவப்பில் கண்டது இந்த அலைநீளத்தில்தான்.

ரேடியோ அலைகளைத் தூசி தடுப்பதே இல்லை. கார்ல் ஜான்ஸ்கி 1930களின் தொடக்கத்தில், வானொலித் தொலைபேசி இணைப்புகளில் கேட்ட இரைச்சலின் மூலத்தைத் தேடியபோது, அதில் ஒரு பகுதி தனுசின் திசையிலிருந்து வருவதைக் கண்டார். ரேடியோ வானியல் என்ற துறையே அங்கிருந்துதான் பிறந்தது. ஊட்டியை அடுத்த முத்தோரையில் 1970இல் முடிக்கப்பட்ட 530 மீட்டர் நீளத் தொலைநோக்கிக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. நிலவு ஒரு ரேடியோ மூலத்தின் குறுக்கே செல்லும்போது ஒளி குறையும் விதத்தைக் கொண்டு மூலத்தின் வடிவத்தைக் கணிக்கும் முறைக்காகவே அது வடிவமைக்கப்பட்டது; மையப் பகுதியையும் அவ்வாறு 327 மெகாஹெர்ட்ஸில் அளந்தார்கள். இன்று ரேடியோவில் மையத்தைப் பார்க்க விரும்புபவர், தென்னாப்பிரிக்காவின் மீர்காட் ரேடியோ தொலைநோக்கி அணி 2022இல் வெளியிட்ட படத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். நூலிழைகள் போல நூற்றுக்கணக்கான ஒளிக்கீற்றுகள் தளத்திற்குச் செங்குத்தாகத் தொங்குவதை அதில் காணலாம்.

அலாதினில் இருக்கும்போதே இன்னொன்றையும் செய்யுங்கள். ஆயங்களை (இடத்தைக் குறிக்கும் எண்களை) பால்வழித் தளத்தை அடிப்படையாகக் கொண்ட மண்டல முறைக்கு மாற்றி, நெடுங்கோடு 0, அகலாங்கு 0 என்று இட்டுப் பாருங்கள். கருந்துளை அங்கே இராது. ஒரு பாகையில் பதினான்கில் ஒரு பங்கு தள்ளி இருக்கும். இந்த ஆய முறையை 1958இல் வகுத்தார்கள். தனுசு ஏ*ஐ புரூஸ் பாலிக்கும் ராபர்ட் பிரவுனும் கண்டறிந்தது 1974இல்.

சார்ட் தாளில் தரைப்படம் வரையுங்கள்

ஒரு செ.மீ. என்பது ஆயிரம் ஒளியாண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளின் கீழ்ப்பகுதியில் சூரியனுக்கு ஒரு புள்ளி. அதிலிருந்து நேர்மேலே 26.7 செ.மீ. தொலைவில் மையத்திற்கு ஒரு புள்ளி. மையப் புள்ளியின் வழியாக, சூரியனையும் மையத்தையும் இணைக்கும் கோட்டிற்கு 28 பாகை சாய்வாக, இருபுறமும் 16 செ.மீ. நீளும் ஒரு கோட்டை இழுங்கள். சூரியனுக்கு நெருங்கிய முனை இடப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். இதுதான் பால்வழியின் சட்டம்: கோடிக்கணக்கான விண்மீன்கள் நீண்ட சுற்றுப்பாதைகளில் ஓடி உருவாக்கும் நீள்வடிவம். அதன் நெருங்கிய முனை வானத்தில் கேடயம், கழுகு ஆகிய விண்மீன் குழுக்களின் எல்லையருகே விழுகிறது.

நாம் சட்டத்தை ஏறக்குறைய அதன் முனைப்பக்கத்திலிருந்து பார்ப்பதால்தான் அதைக் கண்டறிய இத்தனை காலம் ஆயிற்று. ஜெரார்ட் டி வொக்குலர் 1964இல் வாயுவின் வேகங்களை வைத்து இப்படியொரு சட்டம் இருக்க வேண்டும் என்றார். 1990களில் கோபே செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படங்கள் வந்த பிறகே ஐயம் தீர்ந்தது. அந்தப் படத்தில் புடைப்பு இடப்பக்கத்தில் சற்றுப் பெரிதாகவும் வலப்பக்கத்தில் சிறிதாகவும் தெரியும். நெருங்கிய முனை பெரிதாகத் தெரிவது இயல்புதானே. உங்கள் தரைப்படத்தைப் பார்த்தாலே அது விளங்கும்.

இப்போது மையத்தைச் சுற்றி 6 மி.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். இது உள்விண்மீன் வட்டு, அதாவது மையத்தை ஒட்டிய விண்மீன்களின் சிறு வட்டு. அதற்குள் பென்சில் முனையால் ஒரு புள்ளி வைத்தால் அதுவே, கருந்துளையைச் சூழ்ந்த அடர்ந்த உள்விண்மீன் கொத்தைவிடப் பெரிதாகிவிடும். கருந்துளையைக் குறிக்க முயல வேண்டாம்.

புடைப்பு ஒரு பந்து அல்ல

பழைய பாடநூல்களில் வட்டின் நடுவே முட்டையின் மஞ்சள் கரு போல ஓர் உருண்டை இருக்கும். அந்தப் படத்தை மறந்துவிடுங்கள். புடைப்பைப் பக்கவாட்டில் பார்த்தால் இரு பருப்புகள் கொண்ட நிலக்கடலை ஓட்டின் வடிவம்தான் தெரியும்; அதன் உள்ளே விண்மீன்கள் பெருக்கல் குறியைப் போலக் குவிந்திருக்கின்றன. 2010இல் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக இதற்கான சான்றைக் கண்டன. அவர்கள் செய்தது எளிமையானது. ஹீலியத்தை எரிக்கும் ஒருவகைச் செந்நிறப் பெருமீன்கள் ஏறக்குறைய ஒரே பொலிவு உடையவை. ஒரே தொலைவில் இருந்தால், எந்தப் பொலிவில் எத்தனை விண்மீன்கள் என்று காட்டும் எண்ணிக்கை வரைபடத்தில் ஒரே முகடு வர வேண்டும். தளத்திலிருந்து ஐந்து, ஆறு பாகை விலகிப் பார்த்தபோது இரண்டு முகடுகள் வந்தன. அதாவது ஒரே பார்வைக் கோட்டில் பெருக்கல் குறியின் நெருங்கிய கை ஒன்று, தொலைவான கை ஒன்று.

இந்த வடிவம் எப்படி வந்தது என்பதில்தான் நடுப்பகுதியின் வரலாறு அடங்கியிருக்கிறது. மெல்லிய வட்டில் முதலில் சட்டம் தோன்றுகிறது. பிறகு சட்டத்தில் ஓடும் விண்மீன்கள் மேலும் கீழுமாக ஊசலாடத் தொடங்கி, சட்டமே செங்குத்துத் திசையில் நெளிந்து தடிக்கிறது. சிறு மண்டலங்கள் வந்து மோதிக் குவித்த குவியல்தான் புடைப்பு என்ற பழைய கருத்துக்கு இது நேர்மாறு. விண்மீன்களின் வேகங்களும் வட்டின் பக்கமே சாட்சி சொல்கின்றன: தளத்திலிருந்து உயரே போகப்போக, புடைப்பின் சுழற்சி வேகம் அதிகம் குறைவதில்லை, ஓர் உருளை சுற்றுவதைப் போலவே சுற்றுகிறது. ஆனால் உலோகச் செறிவு (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்களின் அளவு) குறைந்த, மிகப் பழைய விண்மீன்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் அவை மெதுவாகச் சுற்றுகின்றன, பெருக்கல் குறியிலும் அவ்வளவாகச் சேர்வதில்லை. எனவே ‘புடைப்பு விண்மீன்கள்’ என்று பொதுவாகச் சொல்லும் எந்தக் கட்டுரையையும் சற்று நிதானமாகப் படியுங்கள். எந்த உலோகச் செறிவு என்று முதலில் பாருங்கள்.

உள் அறை

சட்டம் அலங்காரத்திற்காக இருப்பதில்லை. வட்டிலிருந்து வரும் வாயு அதன் வழியே வேகம் இழந்து உள்நோக்கிச் சரிந்து, மையத்தைச் சுற்றிச் சில நூறு ஒளியாண்டு ஆரத்தில் குவிகிறது. இதனை மைய மூலக்கூற்று மண்டலம் என்கிறோம். சில கோடி சூரிய நிறை வாயு அங்கே அடர்ந்து, வெப்பமாக, கொந்தளித்துக் கிடக்கிறது. தனுசு பி2 என்ற மேகத்தில் எத்தில் ஆல்கஹால் உட்பட ஏராளமான மூலக்கூறுகள் கண்டறியப்பட்டுள்ளன. அதற்கு மாறாக ‘செங்கல்’ என்று செல்லப்பெயர் பெற்ற இன்னொரு மேகம் லட்சம் சூரிய நிறைக்கு மேல் வைத்துக்கொண்டும் விண்மீன்களைப் பெற்றெடுப்பதே அரிதாக உள்ளது. இந்த மைய மூலக்கூற்று மண்டலம் முழுவதும் சேர்ந்து ஆண்டுக்குச் சூரிய நிறையில் பத்தில் ஒரு பங்கு அளவே விண்மீனாக மாற்றுகிறது. அங்கிருக்கும் அடர்ந்த வாயுவைக் கொண்டு எதிர்பார்ப்பது இதைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு. கொந்தளிப்பா, காந்தப் புலமா, வாயு அலையலையாக வருவதா என்ற விவாதம் இன்னும் நடக்கிறது. புதிதாக வருபவர் ஏதேனும் ஒரு கேள்வியைத் தேர்ந்து ஆழமாகப் படிக்க விரும்பினால், நான் இதையே பரிந்துரைப்பேன்.

கருந்துளையை நீங்களே எடைபோடுங்கள்

எஸ்2 என்ற விண்மீன் 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை தனுசு ஏ*ஐச் சுற்றுகிறது. ரெய்ன்ஹார்ட் கென்சல், ஆண்ட்ரியா கெஸ் இருவரின் குழுக்களும் 1990களிலிருந்து இதைத் தொடர்ந்து அளந்தன. 2020ஆம் ஆண்டு நோபல் பரிசில் பாதி அவர்களுக்கும், மறுபாதி ரோஜர் பென்ரோசுக்கும் கிடைத்தது. 2018 மேயில் எஸ்2 மிக நெருங்கியபோது அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 7,700 கி.மீ.

கணக்கு இவ்வளவுதான். வானத்தில் அதன் பாதையின் அரைநெட்டச்சு (நீள்வட்டத்தின் நீண்ட அச்சில் பாதி) 0.125 விகலை; ஒரு விகலை என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு. மையத்தின் தொலைவு 8,200 பார்செக் (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு). விகலையைப் பார்செக்கால் பெருக்கினால் வானியல் அலகில் (சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான சராசரித் தொலைவு) விடை வரும்: 1,025. கெப்ளரின் மூன்றாம் விதிப்படி இதன் மும்மடியை (1,025 × 1,025 × 1,025) எடுத்து, 16இன் வர்க்கமான 256ஆல் வகுங்கள். சுமார் 42 லட்சம் வரும். அத்தனை சூரியன்களின் நிறை அந்தப் பாதைக்குள் அடங்கியிருக்கிறது. அந்த நிறையுள்ள கருந்துளையின் ஆரம் ஒன்றேகால் கோடி கி.மீ. அளவுதான், புதன் சூரியனைச் சுற்றும் பாதைக்குள் அடங்கிவிடும்.

இத்தனை நிறை இருந்தும் தனுசு ஏ* இப்போது மிகவும் அடங்கிக் கிடக்கிறது. எப்போதும் அப்படி இருந்ததில்லை. அருகிலுள்ள வாயு மேகங்களில் பட்டுத் திரும்பும் எக்ஸ் கதிர்களின் எதிரொளி, சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் அது ஒருமுறை பிரகாசித்ததைக் காட்டுகிறது. தளத்திற்கு மேலும் கீழும் தலா 25,000 ஒளியாண்டு உயரம் எழும் ஃபெர்மி குமிழிகள், 2010இல் காமா கதிரில் கண்டறியப்பட்டவை, சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முந்திய பெரிய வெடிப்பின் எச்சமாக இருக்கக்கூடும்; அது கருந்துளையின் வேலையா, விண்மீன் பிறப்பின் வேலையா என்பது முடிவாகவில்லை.

கால வரிசையைத் தாளின் ஓரத்தில் எழுதுங்கள்

1,200 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, மையத்தில் மிகப் பழைய, உலோகம் குறைந்த விண்மீன்கள் பிறந்தன. கையா செயற்கைக்கோளின் தரவிலிருந்து 2022இல் அவற்றை ஆயிரக்கணக்கில் பிரித்தறிய முடிந்தது. ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் கையா–என்சிலாடஸ் என்ற சிறு மண்டலம் பால்வழியில் கலந்தது. சட்டம் எப்போது தோன்றியது? அதன் வழியே வந்த வாயுவில்தான் உள்விண்மீன் வட்டு உருவாயிற்று என்பதால், அவ்வட்டின் வயதே சட்டத்தின் கடிகாரம். அவ்வாறு கணித்தவர்கள் சுமார் 800 கோடி ஆண்டு என்கிறார்கள். அதே வட்டில் நீண்ட அமைதிக்குப் பின் ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருமளவில் விண்மீன்கள் பிறந்ததை 2020இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கருந்துளைக்கு மிக அருகில் சில பத்து லட்சம் ஆண்டே வயதான இளம் விண்மீன்கள் இருப்பதையும் வரிசையின் இறுதியில் சேருங்கள்.

ஆய்வுக் கட்டுரைகளுக்குள் போகும்போது

பார்செக்கை ஒளியாண்டாக்க 3.26ஆல் பெருக்குங்கள். மண்டல நெடுங்கோடு நேர்க்குறியில் இருந்தால் உங்கள் தரைப்படத்தின் இடப்பக்கம் என்று கொள்ளுங்கள். இவை இரண்டைவிட முக்கியமானது, கட்டுரை மையத்தின் தொலைவாக எதை எடுத்துக்கொண்டிருக்கிறது என்பது. 1985இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் 8,500 பார்செக் என்று பரிந்துரைத்தது. பல பழைய கட்டுரைகள் அதையே பயன்படுத்தின. எஸ்2 கணக்கை அந்த எண்ணை வைத்து மறுபடி போட்டுப் பாருங்கள்: 0.125ஐ 8,500ஆல் பெருக்கி, விடையின் மும்மடியை எடுத்து, 256ஆல் வகுத்தால் 42 லட்சத்திற்குப் பதிலாக ஏறத்தாழ 47 லட்சம் வரும். தொலைவில் முந்நூறு பார்செக் மாறினாலே கருந்துளையில் ஐந்து லட்சம் சூரியன்கள் கூடிவிடுகின்றன. ஆகையால் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும், முடிவுரைக்குத் தாவும் முன் அது கொண்டிருக்கும் மையத் தொலைவைத் தேடி எடுத்து, தாளின் மேல் ஓரத்தில் குறித்துவிட்டுப் படியுங்கள்.